காப்பி கிளப்பில் யாருக்கு எந்த இடம்?

தாமிரபரணிக் கரைக்காரர்களிடம் காப்பியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் தண்ணீரில்தான் போய் நிற்பார்கள். நம்ம ஆத்துத் தண்ணிக்குத்தான் இந்த ருசி என்பார்கள். அடுத்து பாலைச் சொல்வார்கள், அதற்கடுத்துக் கொட்டையை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு வேறு கேள்விதான் முதலில் வரும். அந்தக் காப்பியை யார் எங்கே உட்கார்ந்து குடித்தார்கள்? பக்கத்தில் யாரை உட்காரவிட்டார்கள்? சேரன்மகாதேவியில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வி விநோதமாகத் தோன்றாது. பந்தியில் யார் பக்கத்தில் யார் என்ற தகராறில் தமிழ்நாட்டு அரசியலையே திசை திருப்பிவிட்ட ஊர் இது.

இந்தப் பக்கத்து ஜனங்கள் காப்பியைக் குடிப்பதற்கு முன்பே காப்பிக்காகப் பாடுபட்டார்கள். 1830-களுக்குப் பிறகு இலங்கையின் கண்டி மலைகளில் வெள்ளைக்காரர்கள் காடழித்துக் காப்பி போட்டார்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு ஆள் வேண்டும். திருநெல்வேலி, மதுரை, திருச்சி, தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போனார்கள். ராமநாதபுரக் கடற்கரை வரை நடை, மன்னாருக்குத் தோணி, அங்கிருந்து காட்டுவழியாக மறுபடி நடை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் விழுந்தபடி கிடந்தார்கள். பிழைத்தவர்கள் பழம் பறித்துக் கூலி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். காப்பிப் பயிர் செய்யும் விதத்தைக் கும்மியாகவே பாடி 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்று ஒரு நூலை 1869-இல் ஆபிரகாம் ஜோசப் எழுதினார். அதே 1869-இல்தான் இலங்கைக் காப்பி இலைகளில் துருநோய் தென்பட்டது. இருபது வருஷத்துக்குள் காப்பி அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறிவிட்டது. எங்கள் பக்கத்துக் கூலிக்காரர்களுக்குக் காப்பி மரம் தெரியும், பழம் தெரியும், கூடை தெரியும். குடித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கொட்டை கப்பலேறி லண்டனுக்குப் போனது. பறித்தவர்கள் கஞ்சியோடு வீடு திரும்பினார்கள்.

குடிக்கிற காப்பி எங்கள் ஊருக்கு ரயிலோடு வந்தது. திருநெல்வேலிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது. அது மேற்கே நகர இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1902 ஜூனில் திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை, சேரன்மகாதேவி வழியாக, மீட்டர் கேஜ் பாதை திறந்தார்கள். மறுவருஷம் செங்கோட்டை. அதற்கடுத்த வருஷம் மலையைக் குடைந்து கொல்லம் பாதையோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஊரில் சப்-கலெக்டர் கச்சேரி இருந்தது. குமாஸ்தாக்கள், வக்கீல்கள், மனு எழுதுகிறவர்கள், சாட்சி சொல்ல வந்தவர்கள், கிஸ்தி கட்ட வந்தவர்கள் என்று காலை ரயிலில் இறங்கி மாலை ரயிலில் ஏறுகிற ஒரு கூட்டம் உருவானது. இவர்களுக்குப் பசிக்கும்.

அதற்கு முந்தைய தலைமுறை வெளியூர் போனால் கட்டுச்சோறு கொண்டுபோகும். இல்லாவிட்டால் சத்திரம், சொந்தக்காரர் வீடு. காசு கொடுத்துச் சோறு வாங்கித் தின்பது இழுக்கு என்ற எண்ணம் ஆழமாக இருந்தது. சோறு விற்பதும் அப்படியே. அந்தக் கூச்சத்தைக் காப்பி கிளப் எனப்பட்ட கிளப்புக்கடைகள் உடைத்தன. உடைக்க முடிந்ததற்குக் காரணம் சமையற்கட்டில் நின்றவர்கள். பிராமணர் சமைத்தால் எல்லாச் சாதியும் சாப்பிடும் என்பது அன்றைய கணக்கு. கும்பகோணம், பாலக்காட்டுப் பக்கத்து ஐயர்கள், நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலியிலும் ஓட்டல் வைத்த போத்திமார்கள் எல்லோரும் இந்தக் கணக்கை நம்பித்தான் அடுப்பு மூட்டினார்கள். எல்லோரையும் வாடிக்கையாக்கிய அதே விதிதான் உள்ளே வந்தவர்களைப் பிரித்தும் உட்காரவைத்தது. சமைப்பவருடைய சுத்தம்தான் கடையின் மூலதனம் என்றால், சாப்பிடுகிறவர்களால் அந்தச் சுத்தம் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

என் அப்பாவும் தாத்தாவும் கச்சேரி குமாஸ்தாக்கள். கிளப்புக்கடையின் அமைப்பை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். வாசலை ஒட்டிக் கல்லா. கல்லாவைத் தாண்டி மேசையும் பெஞ்சும் போட்ட கூடம், பிள்ளைமார், முதலியார், ரெட்டியார் போன்றவர்களுக்கு. அதற்கும் உள்ளே, சமையற்கட்டை ஒட்டி, மணைப்பலகை போட்ட ஓர் அறை. அது பிராமணர்களுக்கு. கூடத்தில் இருப்பவர் கண் உள்ளறை இலையில் படாதபடி நடுவில் தட்டி. தாழ்த்தப்பட்ட சாதியார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கடைக்குள் இடமே கிடையாது. தயவுள்ள கடைக்காரர் என்றால் பின்வாசலில், சிரட்டையில் ஊற்றுவார். நாடார்கள் எதுவரை வரலாம் என்பது ஊருக்கு ஊர், பத்து வருஷத்துக்குப் பத்து வருஷம் மாறியது. சைவாள் கிளப் என்று வெள்ளாளர்கள் தனியாக நடத்திய கடைகளிலும் இதே படிக்கட்டுதான், உச்சிப்படி மட்டும் வேறு ஆள்.

டவராவும் டம்ளரும்கூட இந்த ஏற்பாட்டுக்குள் அடக்கம்தான். விளிம்பு வெளியே மடிந்த டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளலாம். டவராவில் ஆற்றினால் சூடு தணியும், நுரையும் வரும். எச்சில் படாமல் குடிக்கத் தெரிந்தவர் குடும்பப் பழக்கம் உள்ளவர் என்று பெயர். வாய்வைத்து உறிஞ்சினால் அடுத்த பெஞ்சிலிருந்து ஒரு பார்வை வரும்.

வீட்டுக்குள் காப்பி நுழைந்த கதையை ஆச்சியிடம் கேட்டேன். 1920-களின் கடைசியில் கலியாணமாகி வந்தவள். அப்போதெல்லாம் காலையில் பழையதும் நீராகாரமும்தான். காப்பி தாத்தாவுக்கு மட்டும். பிறகு கச்சேரிக்கோ காலேஜுக்கோ போன ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு. பிறகு வீட்டுக்கு வந்த மருமகப்பிள்ளைக்கு. பெண்களுக்கு வந்து சேர்ந்தது கடைசியாக, அதுவும் இரண்டாம் டிகாக்‌ஷன். பச்சைக் கொட்டையை வாங்கி, வறையோட்டில் விறகடுப்பின் நிதானமான தீயில் வறுப்பார்கள். கருகினால் கசக்கும், பழுப்பிலேயே இறக்கினால் புளிக்கும். வறுத்ததைப் பலகையில் திருகி மாட்டிய கை மிஷினில் அரைத்து, பித்தளைப் பில்டரில் அமுக்கி, வென்னி ஊற்றி மூடவேண்டும். இதற்கு வீட்டில் யாராவது ஒரு பெண் விடியுமுன் எழுந்திருக்க வேண்டும். நீராகாரத்துக்கு இந்த வேலை கிடையாது, இரவு சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் போதும். காப்பியை நாகரிகம் என்று பேசியவர்களும் கெட்ட வழக்கம் என்று ஏசியவர்களும் இந்த விடியற்கால வேலையைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

ஏசியவர்கள் நிறையப் பேர். காப்பியால் உடம்பு கெடுகிறது, காசு கரைகிறது, பழையது சாப்பிட்டுத் திடமாக இருந்த குடும்பம் நோஞ்சானாகிறது என்று அக்காலப் பத்திரிகைகள் புலம்பின. காந்தியும் தேநீரையும் காப்பியையும் விலக்கச் சொன்னார். தமிழ்நாட்டு மத்தியதர வர்க்கம் எப்படிக் காப்பியைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது, தேநீரை எப்படி உழைப்பாளிகளின் பானமாகத் தள்ளிவைத்தது என்று ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் இன்னொரு நடுப்படியும் உண்டு, கருப்பட்டிக் காப்பி. உடன்குடிப் பக்கத்துப் பனங்கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, பால் இல்லாமலோ ஒரு சொட்டுப் பாலோடோ கொதிக்கவைப்பது. வயலுக்குப் போகிறவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் இது. வந்த விருந்தாளிக்குச் சீனி போட்ட பால் காப்பி கொடுத்தார்களா, கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்களா என்பதை வைத்து அவருக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு என்று தெருவே கணக்குப் போடும். எங்கள் வீட்டுத் தொழுவத்து இறவானத்தில் ஓர் அலுமினிய டம்ளர் எப்போதும் செருகியிருந்தது. வயல்வேலைக்கு வருகிறவர் அதை எடுத்து நீட்ட, ஆச்சி உயரத்திலிருந்து ஊற்றுவாள். குடித்துவிட்டு அவரே கழுவி அங்கேயே செருகுவார். அது யாருடைய டம்ளர் என்று வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வ.வே.சு. ஐயர் தமிழ்க் குருகுலத்தை நடத்தியது இந்தப் பழக்கங்களின் நடுவில்தான். லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குப் போய், இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு இருந்து, பாரிஸ் வழியாகப் புதுச்சேரி வந்து சேர்ந்த மனிதர். 1922-இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிய குருகுலம் பிறகு சேரன்மகாதேவிக்கு வந்தது. பாரத்துவாச ஆசிரமம் என்று பெயர். தமிழ்வழிக் கல்வி, உடலுழைப்பு, தேசப்பற்று. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உண்டு. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதலில் ஐயாயிரம் கொடுத்தது. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்ற செய்தி வெளியே வந்தது. பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், தான் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர்.

வரதராஜுலு நாயுடு தன் 'தமிழ்நாடு' பத்திரிகையில் எழுதினார். பெரியார் ஊர் ஊராகப் பேசினார். விவகாரம் காந்தியிடம் போனது. கொடுத்த வாக்கு அந்தப் பையன்களோடு நிற்கட்டும், இனி சேருகிறவர்கள் சமபந்திக்குச் சம்மதித்தே சேரவேண்டும் என்கிற விதமாக அவர் ஒரு சமாதானம் சொன்னார். எதிர்த்தவர்களுக்கு அது போதவில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்கக் கூடாது என்று எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் 1925 ஏப்ரலில் காங்கிரஸ் கமிட்டியில் நிறைவேற, ராஜாஜி முதலியோர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில், பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய் ஐயரும் வெள்ளத்தோடு போனார். நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் வளர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைகள் கேட்பார்கள்: இரண்டு பையன்கள் தனியாகச் சாப்பிட்டதற்கா இவ்வளவு? நான் கிளப்புக்கடையைச் சொல்லித்தான் விளக்குவேன். குருகுலத்தில் தனிப்பந்தி ஆச்சரியமாகப் பட்டதற்குக் காரணம், குருகுலம் வேறுமாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்ததுதான். அதே வருஷம் அதே ஊர் ரயிலடியில் இறங்கிய ஒருவர், குருகுலத்தைக் கண்டித்துப் பேசப் போகிற வழியில் காப்பி குடிக்க நின்றிருந்தாலும், தனக்கென்று ஒதுக்கிய பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். ஊருக்கெல்லாம் வழக்கமாக இருந்ததை ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு நேரம் வெளிச்சம் போட்டுவிட்டது. சண்டை பள்ளிக்கூடத்தோடு நிற்காமல் ஓட்டலுக்குத் திரும்பியது அதனால்தான்.

முதலில் விழுந்தது ரயில்வே. ஸ்டேஷன்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடமும் மற்றவர்களுக்குத் தனி இடமும் இருந்தன. ஒரே டிக்கெட் விலை கொடுத்து ஒரே வண்டியில் வந்தவர்கள் இறங்கியதும் ஏன் பிரியவேண்டும் என்ற கேள்விக்குக் கம்பெனியிடம் பதில் இல்லை. பெரியாரும் அவரது இயக்கத்தவரும் தொடர்ந்து கிளர்ச்சி செய்ததில் 1941-இல் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. தனியார் ஓட்டல்களின் கதை இன்னும் இழுத்தது. சுதந்திரம் வந்து பத்து வருஷம் கழித்தும் கடைப் பலகைகளில் 'பிராமணாள்' என்ற எழுத்து இருந்தது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் திராவிடர் கழகத்தார் தினமும் மறியல் செய்து, பல மாதங்களில் ஆயிரம் பேருக்கு மேல் கைதான பிறகுதான் அந்தப் பலகை இறங்கியது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் ஓட்டலில் நுழைவதை மட்டும் சொல்லி நிற்கவில்லை. அங்கே பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் எழுதிவைத்தது. டம்ளரைப் பற்றிச் சட்டம் போடவேண்டியிருந்தது என்பதே காப்பி வரலாற்றில் ஒரு பக்கம்.

அரசாங்கம் காப்பிக் கடை நடத்திய கதையும் இதே காலம்தான். உலகச் சந்தையில் விலை சரிந்ததால் உள்நாட்டில் விற்க வழி தேடினார்கள். 1935-இல் காப்பி வரிச் சட்டம், 1936-இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் இந்தியா காபி ஹவுஸ், 1942-இல் காப்பிச் சட்டம். யுத்தத்தில் ஐரோப்பியச் சந்தை மூடிக்கொண்டதும் இந்தக் கடைகள் பெருகின. 1950-களில் காப்பி வாரியம் கடைகளை மூடத் தொடங்கியபோது, வேலை போன ஊழியர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டியவர் ஏ.கே. கோபாலன். 1957-இல் பெங்களூரில் முதல் சங்கம், அந்த வருஷக் கடைசியில் டெல்லியில் முதல் கடை. திருச்சூர், கொல்கத்தா என்று பரவிய அந்தக் கடைகளில் எழுத்தாளர்களும் கட்சிக்காரர்களும் ஒரு காப்பிக்கு அரை நாள் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் சீமையில் அந்த மாதிரி அரட்டைக்குக் கிளப்புக்கடை தோதுப்படவில்லை. இலக்கியப் பேச்சு வீடுகளில் நடந்தது. 1920-களில் இலக்கிய ரசிகர் டி.கே.சி.யின் வண்ணார்பேட்டை வீட்டு வட்டத்தொட்டியில் கூடியவர்கள் கம்பனைப் பேசினார்கள், அவர் வீட்டு விருந்தைச் சாப்பிட்டார்கள். யார் வரலாம் என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்கலாம். காசு கொடுத்தவரெல்லாம் வரக்கூடிய ஓர் இடத்தில் பேச்சு வேறுமாதிரி இருந்திருக்கும். ஆனாலும் தமிழ்ச் சிறுகதையில் மிகப் பிரபலமான காப்பியைக் குடித்தவர் எங்கள் பக்கத்துக்காரர்தான். புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் பிள்ளைக்குச் சொந்த ஊர் தென்காசியை அடுத்த மேலகரம். சென்னையில் கடவுளைச் சந்தித்து ஓட்டலுக்குக் கூட்டிப்போகிறார். காப்பியைக் குடித்துத் தெம்பான கடவுள் அதைத் தன் லீலையாக நினைத்துக்கொள்ள, இது சிக்கரி கலந்த ஓட்டல்காரனின் லீலை என்று பிள்ளை திருத்துகிறார். இன்றைய சட்டப்படி காப்பி சிக்கரிக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் காப்பி இருக்கவேண்டும், சிக்கரியின் அளவைப் பொட்டலத்தில் அச்சிடவும் வேண்டும். கடவுளுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

காப்பியின் கூடத்துக்குள் வரமுடியாதவர்கள் தேநீரின் பெஞ்சுக்குப் போனார்கள். 1880-களில் ஹார்வி கம்பெனி பாபநாசம் அருவியின் நீர்விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை வைத்தது. ஷிப்டு முடிந்து வருகிற ஆலைத்தொழிலாளிக்குப் பில்டரில் டிகாக்‌ஷன் இறங்கும்வரை காத்திருக்கப் பொழுதில்லை. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் மலைக்காட்டை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து பாம்பே பர்மா கம்பெனி மாஞ்சோலையில் தேயிலை போட்டது. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் கீழே சமவெளியில் நிலமற்றுக் கிடந்த தலித் குடும்பங்கள். முப்பதுகளில் தேயிலை விளம்பரக்காரர்கள் வண்டியில் வந்து இலவசமாகத் தேநீர் போட்டுக் கொடுத்துப் பழக்கினார்கள். முக்கூடல், மேலப்பாளையம் பீடித் தொழிலாளிகள், லாரிக்காரர்கள், சந்தைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் டீக்கடை வந்தது. கூரைக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு பேப்பர். பேப்பரை ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். திராவிட இயக்கமும் கம்யூனிஸ்டுகளும் வளர்ந்தது இந்த பெஞ்சுகளில்தான்.

அங்கேயும் டம்ளர் இரண்டாகத்தான் இருந்தது. தென்மாவட்டக் கிராமங்களில் டீக்கடை இரட்டைக் குவளை முறை சட்டம் வந்து பல பத்தாண்டுகள் கழித்தும் நீடித்தது. ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொரு சாராருக்கு அலுமினியமோ சிரட்டையோ. குடித்ததை அவர்களே கழுவி வைக்கவேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது, தரையில் குந்தலாம். என் ஆச்சியின் இறவானத்து டம்ளர் கடைவீதிக்கு வந்து வியாபாரமாகிவிட்டது.

பெண்கள் இந்த எந்த பெஞ்சிலும் இல்லை. எழுபதுகளில் பாளையங்கோட்டையில் நான் படித்தபோதுதான் ஓட்டலில் உட்கார்ந்து காப்பி குடிக்கும் தைரியம் எங்கள் தோழிகளுக்கு வந்தது. அதுவும் குடும்ப அறை என்று எழுதிய, துணித்திரை தொங்கும் பெட்டி போன்ற ஓர் இடத்தில். குடும்பத்தோடு வராத பெண்களுக்கும் அதே அறைதான். சர்வர் திரையை விலக்கி எட்டிப்பார்த்துவிட்டு, 'யாரும்மா கூட வந்தது?' என்று கேட்பார். பின்னால் வேலைக்குச் சேர்ந்து, சம்பள நாளில் உடன் வேலைபார்த்த டீச்சர்களோடு பொதுக்கூடத்து மேசையில் போய் உட்கார்ந்தபோது பக்கத்து மேசை சற்று நேரம் பேச்சை நிறுத்தியது. பிறகு தொடர்ந்தது. காப்பி சுமார்தான். நாங்கள் இன்னொன்று சொன்னோம்.

பிரிவினையில்லாத காப்பிக்கடையை எங்கள் பக்கத்தவர்களில் பலர் முதலில் பார்த்தது சீனர்களிடம். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே சிங்கப்பூரில் வேர்விட்டன. ஆண்கள் துறைமுகத்திலும் கடைகளிலும் வேலை பார்க்க, பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தொடங்கியது. அங்கே காப்பித் தொழில் ஹைனான் தீவுச் சீனர்கள் கையில். சீனர்களில் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் என்பதால் நல்ல வியாபாரமெல்லாம் பிறர் கையில் போயிருந்தது. வெள்ளைக்காரர் வீட்டிலும் கப்பலிலும் சமையல்காரர்களாக இருந்து, கற்ற கையோடு கடை வைத்தார்கள். ரொபஸ்டாக் கொட்டையைச் சீனியும் வெண்ணெயும் போட்டுக் கருக வறுத்து, துணிப்பையில் வடித்து, கெட்டிப்பால் ஊற்றிக் கொடுத்தார்கள். பளிங்கு மேசை, வளைந்த மர நாற்காலி. காலியாக இருக்கும் நாற்காலியில் யாரும் உட்காரலாம்.

எங்கள் தெருவுக்குக் கீழே குடியிருந்த ஒரு பெரியவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்து, 1971-இல் பிரிட்டிஷார் தளத்தைக் காலி செய்தபோது ஊர் திரும்பினார். ஊரில் அவருக்குச் சிரட்டை. அங்கே சீனன் கடையில் பீங்கான் கோப்பையும் சாசரும். சீனன் தன்னை மதித்ததாக அவர் சொல்லமாட்டார். அவனுக்கு நாங்களெல்லாம் ஒரே கறுப்பு, அதனால் ஒரே கோப்பை என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். திரும்பி வந்த பிறகு அவர் உள்ளூர்க் கடைகளில் குடிப்பதையே விட்டுவிட்டார். தூள் வாங்கி வீட்டில் போட்டுக்கொள்வார்.

இன்றைக்குச் சீனாவில் காப்பி வேறு கதை. தேயிலை பிறந்த நாடு. யுன்னானில் பூஏர் தேயிலைக்குப் பேர்போன மலைகளிலேயே இப்போது காப்பியும் விளைகிறது. 1999-இல் ஸ்டார்பக்ஸ் பெய்ஜிங்கில் முதல் கடை திறந்தபோது விற்றது நாற்காலியைத்தான். சோபா, குளிர்ந்த காற்று, உட்கார்ந்திருக்க ஓர் இடம், கையில் அந்தஸ்தான ஒரு கோப்பை. 2017-இல் தொடங்கிய லக்கின் கம்பெனி நேரெதிராக யோசித்தது. செல்போனில் கேள், போகிற வழியில் எடுத்துக்கொள், விலை பாதிக்கும் கீழே. 2020-இல் கணக்கு மோசடியில் சிக்கி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையிலிருந்து நீக்கப்பட்டும், 2023-இல் பத்தாயிரம் கடைகளைத் தாண்டி, சீனாவில் ஸ்டார்பக்ஸின் விற்பனையை முந்திவிட்டது. கசப்பு பிடிக்காத நாக்குகளுக்காக 2021-இல் தேங்காய்ப்பால் லாத்தே கொண்டுவந்தது. 2023 செப்டம்பரில் மாவ்தாய் சாராயம் கலந்த லாத்தே முதல் நாளிலேயே 54 லட்சம் கோப்பை விற்றதாக அறிவித்தது. தங்கை மகன் ஷாங்காயில் கப்பல் கம்பெனி வேலையில் இருக்கிறான். 'பெரியம்மா, இங்க பாதிக் கடையில நாற்காலியே கெடையாது. யாரு குடிக்கான்னு யாருக்கும் தெரியாது' என்றான். ஷாங்காயில் எட்டாயிரத்துக்கும் மேல் காப்பிக்கடைகள், உலகில் எந்த நகரத்திலும் இல்லாத எண்ணிக்கை.

அவன் குறையாகச் சொன்னதை நான் யோசித்துப் பார்த்தேன். யார் எங்கே உட்காருவது என்ற சண்டையை நாற்காலியையே எடுத்துவிட்டும் தீர்க்கலாம் போலிருக்கிறது. எங்கள் ஊரிலும் அந்தத் தீர்வு ஒரு முறை வந்தது. தொண்ணூறுகளுக்குப் பிறகு டீக்கடைகளில் பிளாஸ்டிக் கப்பும் பேப்பர் கப்பும் நுழைந்தன. எல்லோருக்கும் ஒரே கப், குடித்தவுடன் குப்பை. இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. ஒழிந்தது குவளை. ஒருவர் குடித்ததை இன்னொருவர் கழுவவேண்டிய அவசியமும் அதோடு சேர்ந்து ஒழிந்ததால், மனசு மாறியதா என்று சோதிக்க வழியில்லாமல் போயிற்று.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. சட்டம் முழுசாக நடக்கிறது என்று சொல்லமுடியாது. ஆனாலும் எங்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைகள் பலவற்றில் கண்ணாடி டம்ளர் திரும்பிவிட்டது. சுற்றுச்சூழலுக்காக வந்த ஆணை, தெரியாமலே, ஒரு பழைய பரீட்சையை மறுபடி வைத்திருக்கிறது. அடுத்த தலைமுறையில் யாராவது தாமிரபரணிக் கரையின் காப்பி வரலாற்றை எழுத உட்கார்ந்தால், பீபெரி எத்தனை பங்கு, சிக்கரி எத்தனை பங்கு என்று கேட்பதற்கு முன்னால், குடித்துவைத்த டம்ளரை யார் கழுவினார்கள், கழுவியதை யார் கையில் கொடுத்தார்கள் என்று கேட்கட்டும். பதில் கிராமத்துக்குக் கிராமம் மாறும். அந்த மாற்றத்தை ஊர்ப்பெயரோடு குறித்துவைப்பதுதான் நான் என் பழைய மாணவர்களுக்கு இப்போது கொடுக்கிற வீட்டுப்பாடம்.